பெருங்காது ஆவாரையின் பூவைத் தேடி அய்யலூர் போன கதை

ஒரு சங்கதியை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இருபத்தாறு வருஷமாக ஆவாரம்பட்டை வியாபாரம் செய்து பிழைக்கிற நான், ஆவாரம்பூவுக்கு எத்தனை இதழ் என்று ஒரு அம்மாள் கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல் "நாலு" என்றேன். ஐந்து. அதோடு வாயை மூடியிருந்தாலும் பரவாயில்லை. "எங்க பக்கம் நாலும் உண்டும்மா" என்று வேறு சொன்னேன்.

என் பேரில் முழுத் தப்பும் இல்லை. திண்டுக்கல் பேகம்பூரில் இருக்கிற என் கிடங்குக்குப் பட்டை வண்டி வண்டியாக வரும். உரித்து, காயவைத்து, கட்டுக் கட்டாக வரும். அதைத் தோல் ஷாப்புகளுக்குக் கொடுப்பேன். அவர்கள் ஊறப்போட்டுத் தோல் பதனிடுவார்கள். பட்டையை முகர்ந்து பார்த்தே எந்த ஊர் மண் என்று சொல்வேன். ஆனால் செடியோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. கருவாட்டு வியாபாரி கடலில் இறங்கியா பார்க்கிறான்?

கேட்ட அம்மாளின் பெயர் லோகநாயகி. சென்னையில் ஒரு கல்லூரியில் செடிகொடிப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர். வயது நாற்பது இருக்கும். காடுமேடெல்லாம் தனியாகச் சுற்றிப் பழகியவர். நான் "புரொபசரம்மா" என்று கூப்பிட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். சாதாரணமாகப் பட்டணத்துப் பேச்சுத்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு வந்துவிடும், மரியாதையும் கூடிவிடும். இதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன்.

அவர் வேலை இதுதான். ஆவாரை, சரக்கொன்றை, தகரை எல்லாம் ஒரே குலமாம். அந்தக் குலத்துக்குக் காசியா என்று பெயர். "காசிக்குப் போய் வந்த குடும்பமா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. இந்தியா முழுக்க அந்தக் குலத்தில் எத்தனை சாதி உண்டு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று பிரித்து ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பொங்கல் கழித்து அச்சுக்குக் கொடுக்க வேண்டும். நோட்டில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு எண் போட்டிருந்தார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் எண் இல்லை, கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி என்னால் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அவரிடமிருந்து ஒரு தோல் ஷாப்புக்குக் கடிதம் வந்தது. ஆவாரை இலைக்காம்பின் அடியில் காதுபோல ஒரு குட்டி இலை இருக்கும். அது ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வளர்ந்த கிளை ஒன்று, எந்தக் காலத்திலோ யாரோ திண்டுக்கல் பக்கம் பறித்து ஒட்டியது, அவர் கல்லூரியில் இருக்கிறதாம். பூ இல்லை. அப்படிப்பட்ட செடி இங்கே உண்டா என்று கேட்டிருந்தார். ஷாப்புக்காரர் கடிதத்தை என்னிடம் தள்ளினார். நான் அய்யலூர்ப் பட்டை கொண்டுவரும் வண்டிக்காரரிடம் சொன்னேன். அடுத்த நடையில் அவர் பெரிய காது வைத்த கிளை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவன் என்பதால் என் மகளை எழுதச் சொல்லி, கிளையோடு அனுப்பி வைத்தேன்: "முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், இது வேறு சாதி." அனுபவம் அப்போது இருபத்துமூன்று வருஷம். மீதி ஏழு, பேச்சு எடுப்பாக இருக்கட்டும் என்று சேர்த்தது.

அந்த அம்மாள் அதை நம்பி, புதுச்சாதி என்று பெயர் வைத்து ஒரு சஞ்சிகையில் எழுதிவிட்டார். செடியின் பெயருக்குப் பின்னால் பெயர் வைத்தவரின் பெயரும் சேர்ந்தே வருமாம். உலகம் உள்ளவரை எடுக்க முடியாதாம். கடைசி வரியில் எனக்கும் நன்றி போட்டிருந்தது. அந்தத் தாளை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேகம்பூர் முழுக்கக் காட்டினேன். மடிப்பில் கிழியும்வரை காட்டினேன். அவர் துறையிலே பெரியவர் ஒருவர் மட்டும், "பூவே பார்க்காமல் என்ன புதுச்சாதி? பூவைக் காட்டு" என்று எழுதினாராம். மூன்று வருஷமாகப் புரொபசரம்மாவால் காட்ட முடியவில்லை. அதனால்தான் கிறிஸ்மஸ் லீவில் நேரிலேயே வந்தார். பூ கிடைத்து, அது வேறு மாதிரி இருந்தால், அந்தச் செடி அவர் பெயரோடு புத்தகத்தில் ஏறும். இல்லையென்றால் இல்லை.

மார்கழி பிறந்த முதல் வாரம், புதன்கிழமை காலை 6.40க்கு ரயிலில் இறங்கினார். ஒரு தோல்பை, பெல்ட் மாட்டிய இரண்டு மரச்சட்டம், கட்டுக் கட்டாகப் பழைய செய்தித்தாள். செடியைத் தாளுக்குள் வைத்துச் சட்டத்தால் நெருக்கி உலர்த்துவதற்காம். எங்கள் வீட்டிலேயே தங்க வைத்தோம். அவரும் என் மனைவியும் பேச ஆரம்பித்ததும் நான் அந்த வீட்டில் விருந்தாளி ஆகிவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றியே அவர் குலத்தில் ஐந்து பேரைப் பிடித்துவிட்டார். ரயிலடி போகும் சாலையில் சரக்கொன்றையும் மஞ்சள்கொன்றையும். சாக்கடை ஓரம் தகரை. வாய்க்கால் கரையில் சீமையகத்தி. குப்பைமேட்டில் பேயாவரை. பேயாவரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம், என் பெண்டாட்டி முகத்தில் தீபாவளிப் புடவையைப் பார்த்துக்கூட வந்ததில்லை. (நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் மகள் இந்த வரியில் நிமிர்ந்து பார்த்தாள். எழுது என்றேன்.) இத்தனைக்கும் இரண்டு மைல் நடைதான், செலவு ஒரு டீ. அகரம் பக்கம் செம்மணலில் ஆறாவதாகக் கருங்காணம் கிடைக்கும் என்றார். அதற்கு நேரம் இல்லை. வருகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு வாருங்கள்.

வியாழக்கிழமைக்கு அந்தோணியின் வாடகைக் கார் பேசியிருந்தேன். அய்யலூர் பதினைந்து மைல். அங்கிருந்து பட்டை உரிக்கிற காடு இன்னும் மூன்று மைல். போக வர முப்பத்தாறு மைலுக்கு நியாயமாகப் பதினெட்டு ரூபாய் ஆகும். அந்தோணி பதினைந்துக்கே வருகிறேன் என்றார். கூடவே ஒரு சின்ன வேண்டுகோள்.

"பாய், நாளைக்கு அய்யலூரு ஆட்டுச்சந்தை. கிறிஸ்மசுக்கு ஒரு கிடா புடிக்கணும். செத்த நேரம் நிப்பாட்டிக்கிறேன், திரும்பி வரப்ப ஏத்திக்குவோம்."

"காருக்குள்ளயா?"

"பின்ன, அதுக்குத் தனி டாக்சியா புடிக்க முடியும்?"

புரொபசரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆடு ஆவாரையைத் தின்னுமா?"

"தின்னாதும்மா. எந்த ஆடும் தொடாது. அதுக்கு நான் ஜவாப்தாரி" என்றேன். இதழ் எண்ணிக்கையில் போன மானத்தை இதில் மீட்டுவிட்டதாக நினைத்தேன்.

காலை நாலரைக்குக் கிளம்பினோம். பனி. வடமதுரை தாண்டும்போது கண்ணாடியைத் துடைக்க அந்தோணி இரண்டு தடவை நிறுத்தினார். ஐந்தரைக்குச் சந்தை. ஆட்டுச்சந்தைக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்குள் போய்விடுங்கள். எட்டுக்கு மேல் போனால் மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டதைத்தான் வாங்குவீர்கள். அந்தோணி ஒவ்வொரு கிடாவின் முதுகையும் அமுக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், கடைசியில் ஒரு கறுப்புக் கிடாவை முப்பத்திரண்டு ரூபாய்க்கு முடித்தார். வாங்கிய ஆட்டைச் சந்தை கலைவதற்குள் ஓட்டிப்போய்விடச் சொல்லிவிட்டார்கள். ஆகவே திரும்பும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்பது போய், அந்தக் கிடா எங்களோடு காட்டுக்கும் வந்தது. முன்சீட்டில் நான், பின்சீட்டில் புரொபசரம்மாவும் செய்தித்தாள் கட்டும், காலடியில் கிடா. எதிர்க்கடையில் இட்லி நன்றாக இருந்தது. நாலு இட்லி, ஒரு வடை, காப்பி, நாற்பது நயா பைசா.

சாலை முடிந்து வண்டிப்பாதை. ஒன்பது மணிக்குக் காட்டை அடைந்தோம். காடு என்றால் பெரிய மரங்களை நினைத்துக்கொண்டு வராதீர்கள். இடுப்பளவு ஆவாரை, நடுவே வேலமரம், சரளைக்கல். மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பட்டை உரிக்கும் ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி வெள்ளையம்மாள். பத்து வருஷமாக அவள் உரித்த பட்டை என் கிடங்குக்கு வருகிறது. நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். தண்டை அடியோடு அரிவாளால் வெட்டி, மரக்கட்டையால் தட்டி, வாழைப்பழத் தோல்போலப் பட்டையை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஆரு, பேகம்பூர் பாயா? வாங்க வாங்க. பட்டை ஈரமா இருக்குன்னு நெதம் சொல்லிவிடுவீகளே, அந்தப் பாய்தானே? எது ஈரம்னு இப்ப தொட்டுப் பாத்துட்டுப் போங்க" என்றாள்.

நான் பேச்சை மாற்றினேன்.

பத்து மணிக்குள் பெரிய காது வைத்த செடி கிடைத்துவிட்டது. ஒன்று அல்ல, ஒரு காணி முழுக்க. நெஞ்சளவு உயரம், அகல இலை, ரூபாய் நாணயம்போலக் காது. நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். புரொபசரம்மா கிட்டத்தட்ட ஓடியே வந்தார். ஆனால் ஒரு செடியிலும் பூ இல்லை. மொட்டும் இல்லை. பக்கத்துக் காணியில் சின்னக் காது ஆவாரை மஞ்சள் குளித்ததுபோல நிற்கிறது. இங்கே வெறும் பச்சை. அரை மணி நேரம் செடி செடியாகக் குனிந்து பார்த்தார். முதுகு வலித்திருக்கும்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். புதர் ஒன்று. அதில் பெரிய காது. அதற்கு நடுவிலே ஒரு கிளை, நுனியில் கொத்துக் கொத்தாகப் பூ.

"புரொபசரம்மா! பூ! பெருங்காது பூத்திருச்சு!"

வந்தார். பார்த்தார். பூவைக் கையால் தொடவில்லை. பூத்த கிளையைப் பிடித்து மெல்லக் கீழ்நோக்கிப் போனார். அந்தக் கிளையில் காது சின்னது. சாதாரண ஆவாரை. பெருங்காது எல்லாம் சுற்றி நிற்கிற மற்றக் கிளைகளில்.

"ரெண்டு செடி பின்னிக்கிட்டு வளர்ந்திருக்கு" என்றார். குரல் நம்பிக்கையாக இல்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, பையிலிருந்த களைக்கொத்தால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தார். ஒரு சாண் பறித்ததும் அடிக்கட்டை தெரிந்தது. ஒரே கட்டை. ஒரே வேர். பெரிய காதும் சின்னக் காதும் அதிலிருந்துதான் கிளம்பியிருந்தன.

வெள்ளையம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். "எதுக்குத்தா வேரைத் தோண்டுறீக? மருந்துக்கா?"

"இந்தக் கிளை ஏன் தனியா இருக்கு?" என்று கேட்டார் புரொபசரம்மா.

"அது காப்புக் கெளை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட பூ வேணுமில்ல? வெட்டுறப்ப அங்கொரு செடி இங்கொரு செடியில ஒத்தக் கெளையை விட்டுருவோம். அம்புட்டையும் மொட்டையடிச்சா ஊர்ல வைவாக."

"மத்த கிளை எல்லாம்?"

"பொரட்டாசியில வெட்டுனோம். வெட்டுன கட்டையில தழைச்சு வந்தது. புதுசா தழைக்கிறது முரட்டு எலையா, பெருங்காதா வரும். பூக்காது. அடுத்த வருசம் காது சுருங்கிரும். அதுக்கடுத்த வருசம் பூக்கும். ஏன் பாய், பட்டை யாவாரம் பண்றவுக, இதைச் சொல்லலையா நீங்க?"

காருக்குள் கிடா கத்தியது.

புரொபசரம்மா மண் கையோடு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க பாய்" என்றார். ஊர்ப் பேச்சு, கூடுதல் மரியாதை. "முப்பது வருஷ அனுபவம்னு எழுதினீங்களே. அந்த முப்பது வருஷத்துல ஒரு நாளாச்சும் இந்தச் செடியைப் பாத்திருக்கீங்களாங்க?"

"இல்லைம்மா" என்றேன். "அனுபவமும் இருபத்துமூணுதான்."

சரளைக்கல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தோணி தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். புரொபசரம்மா திட்டுவார் என்று நான் காத்திருக்கையில், வெள்ளையம்மாளைப் பார்த்து, "போன வருஷம் வெட்டினது எங்க இருக்கு? அதுக்கு முந்தின வருஷத்தது?" என்று கேட்டார்.

காணி காணியாக அவள் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று மாதத்துச் செடி, பெருங்காது. ஒரு வருஷத்துச் செடி, நடுக்காது. இரண்டு வருஷத்துச் செடி, சின்னக்காது, பூ, காய். ஏணிப்படிபோல வரிசையாக இருந்தது. அவர் ஒவ்வொன்றிலும் வெட்டி, அளந்து, எழுதி, தாளுக்குள் வைத்தார். வேலை செய்யச் செய்ய முகம் தெளிந்துவிட்டது. மூன்று வருஷமாகப் பூவைக் காட்டு என்றாரே அந்தப் பெரியவர், அவருக்கே இது தெரியாதாம்.

"மூணு வருஷமா பூ தேடினேன் பாய்" என்றார். "நீங்க தோல் ஷாப்புக்கு வெட்டின கட்டைக்குப் பூக்கற வயசு வரதுக்குள்ள காது சுருங்கிடுது. பெருங்காது எங்கிருந்து பூக்கும்?"

பிறகு நோட்டைத் திறந்தார். கேள்விக்குறி போட்ட வரியை, தன் பெயரோடு சேர்த்து, அளவுகோல் வைத்து நேராக அடித்தார். கோணலாக அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அன்று காலை இந்தியாவில் இருந்த காசியாச் சாதிகளில் ஒன்று, பன்னிரண்டு மணிக்குக் குறைந்துவிட்டது. காட்டில் ஒரு செடியும் குறையவில்லை.

மத்தியானம் வெள்ளையம்மாள் ஆட்கள் கம்மங்கூழ் கொடுத்தார்கள். வெஞ்சனம் மோர்மிளகாய். காசு கொடுத்தால் வாங்கமாட்டார்கள். வெற்றிலைபாக்கு கொண்டுபோங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். சாப்பிட்ட பிறகு அந்த ஒற்றை அடிக்கட்டையை, ஒரு பக்கம் காப்புக் கிளையும் ஒரு பக்கம் பெருங்காதும் நிற்க, அப்படியே அறுத்து எடுத்தோம். இதுதான் சாட்சி, யாரும் இனிமேல் இந்தத் தப்பைச் செய்யாதபடி கல்லூரியில் இருக்கும் என்றார் புரொபசரம்மா. அதில் கட்ட ஒரு சீட்டு எழுதினார். ஊர், தேதி, எடுத்தவர் பெயர்.

"எடுத்தவர் யாருன்னு போட?"

"வெள்ளையம்மான்னு போடுங்க. சொன்னது அதுதானே" என்றேன்.

"எம்பேரு எதுக்கு? காயிதத்துல போட்டா கூலி கூடுமா? பாய் பேரையே போடுங்க. ஒரு தடவையாச்சும் காட்டுக்கு வந்ததுக்கு அத்தாச்சி இருக்கட்டும்" என்றாள் அவள்.

ஆக இரண்டு பெயரையும் போட்டார். என்னைக் கையெழுத்தும் போடச் சொன்னார். போட்டேன். தமிழில், முழுப் பெயரும், புள்ளி எல்லாம் வைத்து. சஞ்சிகைத் தாள் கிழிந்துவிட்டது. இது கண்ணாடி அலமாரியில் இருக்கும், கிழியாது.

மூன்றரைக்குக் கிளம்பி, வழியில் ஒரு டயர் பஞ்சர் பார்த்து, ஆறு மணிக்குத் திண்டுக்கல் வந்தோம். புரொபசரம்மாவுக்கு ஏழரைக்கு ரயில். பிளாட்பாரத்தில், "புத்தகத்துல இதையும் எழுதப் போறேன் பாய். வெட்டின கட்டையிலிருந்து வர இலையைப் பார்த்து நான் ஏமாந்தேன்னு. உங்க பேரைப் போடலாமா?" என்றார்.

"எதுக்கும்மா?"

"ஏமாத்தினவர்னு."

முதல் தடவையாகச் சிரித்தார். என்னைவிட நன்றாகக் கேலி பேசுகிற ஆள், இரண்டு நாளாகச் சும்மா இருந்திருக்கிறார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வியாழக்கிழமை போனால் கார் கிடைப்பது கஷ்டம், முதல்நாளே பேசிவையுங்கள். பஸ்ஸில் போனால் அய்யலூருக்கு எழுபத்தைந்து நயா பைசா, அதற்குமேல் மூன்று மைல் நடை. செருப்பு கெட்டியாக இருக்கட்டும். ஒரு செடியைப் பார்த்து வேறு சாதி என்று முடிவு கட்டுமுன், அதை யார் எப்போது வெட்டினார்கள் என்று கேளுங்கள். நீங்கள் கேட்கிற ஆள் கிடங்கில் உட்கார்ந்திருப்பவராக இருக்க வேண்டாம். நானும் இப்போது மாதம் ஒரு தடவை காட்டுக்குப் போய் வருகிறேன். பட்டை ஈரமாகத்தான் இருக்கிறது; அது பனியால், வெள்ளையம்மாளால் இல்லை.

இன்னொன்று. அந்த அடிக்கட்டை சட்டத்துக்குள் அடங்கவில்லை. அதனால் ஈரச்சாக்கில் சுற்றிப் பின்சீட்டில் சாய்த்து வைத்திருந்தோம். பஞ்சர் ஒட்டும்போது நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம், கிடா உள்ளே. ஆடு ஆவாரையைத் தின்னாது என்று நான் சொன்னது சரி. ரயிலில் ஏற்றும்போது பார்த்தேன், பூ, இலை, பெருங்காது, சின்னக்காது, எல்லாம் எண்ணி வைத்தபடி இருந்தன. சீட்டைக் கட்டியிருந்த நூலும் இருந்தது. சீட்டு இல்லை.

கிறிஸ்மஸ் அன்று அந்தோணி வீட்டில் விருந்து. பாய்மார்களும் சாப்பிட வேண்டும் என்று எங்கள் தெரு ஆளைக் கூப்பிட்டு அந்தக் கிடாவை முறைப்படி அறுக்கச் சொல்லியிருந்தார். நானும் போனேன். கையெழுத்து எந்தத் துண்டில் இருக்கும் என்று தெரியாததால் ஐந்து துண்டு சாப்பிட்டேன்.